பிடித்த லென்ஸில் மட்டும்

நேற்றுத்தான் பார்த்தான். முன்பக்கமும் பின்பக்கமும் டோர்ச் அடித்து, கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தான். உள்ளே தூசிகூட இருக்கவில்லை. இன்று அதே ஜெர்மன் லென்ஸுக்குள், முதல் கண்ணாடிக்கும் அடுத்ததற்கும் நடுவில், ஒரு வெள்ளை இழை கிடந்தது. தலைமுடியை விட மெல்லியது. நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

அரூஸுக்குச் சுர்ரென்று ஏறியது. ஜும்ஆ முடிந்து வந்து, சோறு தின்று, கட்டுகஸ்தோட்டையிலுள்ள டைல்ஸ் கடையைத் திரும்பத் திறக்கும் வரைக்கும் அவனுக்கென்று கிடைப்பது இந்தச் சின்ன நேரம்தான். அதையும் பூஞ்சணம் தின்ன வேண்டுமா?

வீடு ஹந்தானைச் சரிவில் இருந்தது. பின்னேரமானால் மலையிலிருந்து இறங்கும் பனி சன்னல் இடுக்கால் நுழைந்து படுக்கை விரிப்பு வரை நனைத்துவிடும். இங்கே இருந்துகொண்டு பழைய கெமரா லென்ஸ் சேர்ப்பதும் அடைமழையில் மிளகாய் காய வைப்பதும் ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த இரும்பு அலுமாரி, அதன் அடித்தட்டில் இரவு பகலாக எரியும் சின்ன பல்ப், தட்டுக்குத் தட்டு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். இத்தனை வருடத்தில் ஒரு லென்ஸிலும் பூஞ்சணம் பிடிக்க அவன் விட்டதில்லை. இன்று கதவைத் திறந்தபோது, வழக்கமான சூடேறிய இரும்பு வாடைக்குப் பதிலாக, காயாமல் மடித்து வைத்த துணியின் புளித்த வாடை வந்தது.

"யாரு அலுமாரியத் தொறந்த?"

"ஒங்கட அலுமாரிய ஆரு தொடப்போற?" குசினியிலிருந்து மனைவி ஸக்கியா கத்தினாள். "எனக்கு வேற வேல இல்லயா?"

கதவின் கீழ்ப்பக்கத்தில் ஜாம் ஒட்டிய சின்ன விரல் தடங்கள். இளையவள் ஸுமைராவேதான். லென்ஸ் மூடிகளைத் திருடிப் பொம்மைக்குச் சோறு போடும் பீங்கானாக்குவது அவள் வேலை. கூப்பிட்டு வைத்து ஏசித் தீர்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அழாமல் நின்றாள்.

"நான் மூடி மட்டுந்தான் எடுத்த. கண்ணாடியத் தொடவே இல்ல."

"வாயப் பாரு! ராத்தாவப் பாத்துப் பழகு. அவ எண்டைக்காவது ஒரு சாமானக் கீழ போட்டீக்காளா?"

மூத்தவள் ஷஹ்மா ஈரத்துணி கொண்டு வந்து விரல் தடங்களைத் துடைத்துவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் வந்து டோர்ச்சை வாங்கிப் பிடித்தாள். லென்ஸைப் பிரிக்கும்போது அவள்தான் எப்போதும் வெளிச்சம் பிடிப்பாள். கை ஆடாது. சின்னச் சின்ன ஆணிகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்துத் தருவாள். இழையைத் துடைத்தெடுத்து, பொருத்தி, பார்த்து, மூடினார்கள். கண்ணாடி சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலையில் இழை திரும்பி வந்திருந்தது. இந்த முறை மூன்று கிளை.

திரும்பத் துடைத்தான். திரும்ப வந்தது. எரிச்சலில் சோறு இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் வெடுக் வெடுக்கென்று பேசி, ஒரு நல்ல வாடிக்கையாளரோடும் முறித்துக்கொண்டான். பூஞ்சணம் என்றால் பக்கத்திலிருப்பதற்கும் தொற்ற வேண்டும். அப்படித்தானே அதன் புத்தி? ஆனால் அலுமாரியிலிருந்த மற்ற லென்ஸ் ஒன்றிலும் ஒரு புள்ளி இல்லை. அவனுக்கு ஆகப் பிடித்த அந்த ஒன்றில் மட்டும்.

"போய்த் தொல, சனியனே" என்று ஜெர்மன் லென்ஸைப் பழைய பெட்டியொன்றில் எறிந்தான். இனி ஜப்பான் லென்ஸ்தான். உண்மையில் முகம் எடுப்பதற்கு அதைப்போல வராது. பின்னாலிருக்கும் வெளிச்சமெல்லாம் பாலாகக் கரையும். இத்தனை நாள் ஏன் இதை இரண்டாமிடத்தில் வைத்திருந்தோம் என்று இரவு முழுக்கத் தடவிக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் ஜப்பான் லென்ஸில் இழை இருந்தது. பெட்டியில் எறிந்த ஜெர்மன் லென்ஸை எடுத்துப் பார்த்தான். பளிங்கு போல இருந்தது. பூஞ்சணம் போனாலும் கண்ணாடியில் தழும்பு வைத்துவிட்டுப் போகும். இதில் அதுவும் இல்லை.

பல்லேகலவில் துஷாந்த் என்று ஒரு சிநேகிதன், இவனைப் போலவே லென்ஸ் பைத்தியம். போனில் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், பூஞ்சணம் ஒரு வீட்டக் காலி பண்ணிட்டு இன்னொரு வீட்டுக்குக் குடி போகாது. நீ மொதல்ல கண்ண டெஸ்ட் பண்ணு."

ஸக்கியா சிரிக்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றாள். "ஒரு சாமானப் பாத்து ஆசப்பட்டா மாஷா அல்லாஹ் சொல்லணும். நீங்க எண்டைக்காவது சொல்லிருக்கீங்களா? வாயப் பொளந்துகொண்டு பாக்கிறது மட்டுந்தான். கண்ணூறு படாம என்ன செய்யும்?"

"ஏன்ட சாமானுக்கு ஏன்ட கண்ணே படுமா?"

"சொந்தக் கண்தான் ஆகப் பொல்லாத கண்."

அவனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் அன்று பின்னேரம் ஒரு கூத்துச் செய்தான். அலுமாரியில் ஒரு ரஷ்ய லென்ஸ் கிடந்தது. இரும்புக் குண்டு, படமும் மங்கல், சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்து, "நீதான்டா ராசா. உன்ன அடிக்க ஆள் இல்ல" என்று சத்தமாகக் கொஞ்சினான். மற்றவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஷஹ்மா டோர்ச்சோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நம்புமா வாப்பா?" என்று கேட்டாள்.

அது நம்பவில்லை. அடுத்த நாள் ரஷ்யனில் ஒன்றுமில்லை. ஜப்பானிலும் இல்லை. அலுமாரியிலேயே எதிலும் இல்லை. ஒழிந்தது என்று நினைத்துக் கடைக்குப் போனான். மேசை லாச்சியில் அவனுடைய முதல் லென்ஸ் கிடந்தது. கெமராவோடு சும்மா வந்த பிளாஸ்டிக் லென்ஸ், யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஸுமைரா முதன்முதலாக எழுந்து நடந்ததை எடுத்தது அதில்தான். அதற்காகவே எறியாமல் வைத்திருந்தான். லாச்சியை இழுத்தபோது புளித்த துணி வாடை முகத்தில் அடித்தது.

டோர்ச் தேவைப்படவில்லை. கண்ணாடி முழுவதும் வெள்ளையாக இருந்தது.

அரூஸ் அப்படியே கதிரையில் உட்கார்ந்தான். எல்லாவற்றிலும் இதுதான் தனக்குப் பிடித்தது என்பது அந்த நிமிடம் வரை அவனுக்கே தெரியாது. அவனுக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்திருந்தது. கோபத்துக்கு அடியில் முதன்முறையாக ஒரு குளிர் ஓடியது.

அப்போதுதான் ஹேவாஹெட்ட ஞாபகம் வந்தது. இந்தத் தொல்லை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டில் லென்ஸ் வாங்கியிருந்தான். பாலம்மா என்ற விதவை. புருஷன் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை செய்தவர், படம் எடுப்பதில் பிரியமானவர். பால்மா டின்னிலிருந்து அந்த லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "சாருக்குப் புள்ளைங்க இருக்குங்களா?" என்று கேட்டாள். ரெண்டு பொம்பளப் பிள்ளைகள் என்றான். உடனே அவள் லென்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "அப்ப வேணாங்க சார். போயிட்டு வாங்க." விலை ஏற்றப் பார்க்கிறாள் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. விடாமல் நின்று, கெஞ்சி, அதட்டி, வாங்கிவிட்டான். படி இறங்கும்போது அவள் பின்னாலிருந்து, "எது மேலயும் ரொம்ப உசுர வைக்காதீங்க சார்" என்றாள். உள் அறையில் வளர்ந்த மகன் ஒருவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மழை இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டு, சுவரைப் பார்த்தபடி. அன்றைக்கு அரூஸ் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கடையை மூடினான். வீட்டுக்கு வந்து, அலுமாரியிலிருந்த அத்தனையையும் அரிசிச் சாக்கில் போட்டான். ஜெர்மன், ஜப்பான், ரஷ்யன், ஹேவாஹெட்டவில் வாங்கியது, கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று மகாவலிக்குள் கவிழ்த்தான். தன் வயதில் பாதியை ஆற்றில் கொட்டுவது போல இருந்தது. போவோர் வருவோர் பார்த்தார்கள். பார்க்கட்டும். இனி எனக்குப் பிடித்தது என்று ஒன்றும் இல்லை, போ, வந்து எதைத் தின்னப் போகிறாய், தின்னு பார்ப்போம் என்று வாய்விட்டே சொன்னான்.

வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஹந்தானை முழுவதும் பனி மூடி, பின்னேரமே இரவு போல இருண்டிருந்தது, கரண்டும் இல்லை. படியேறி, சப்பாத்தைக் கழற்றி, வாசலில் நின்றான். ஓட்டில் மழை, பீலியிலிருந்து வாளிக்குள் விழும் தண்ணீர், மஹ்ரிப் தொழுகையில் ஸக்கியா உள்ளே ஓதும் மெல்லிய சத்தம், இவை எல்லாவற்றுக்கும் நடுவில், இருட்டோடு சேர்ந்து, அந்தப் புளித்த வாடை.

அலுமாரியைத் திறந்தான். வெறும் தட்டுகள். வாடை அங்கே இல்லை.

கூடத்தில் இருந்தது. நடையில் கூடியது. பிள்ளைகளின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் மூச்சை அடைத்தது.

இனி எனக்குப் பிடித்தது என்று...

அவன் கால்கள் நின்றுவிட்டன. கறுப்புக் கண்ணாடி போட்ட மகன், சுவரைப் பார்த்தபடி.

கதவைத் தள்ளினான். மேசையில் மெழுகுவர்த்தி எரிந்தது. ஷஹ்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். ஸுமைரா தாளின் மேல் குனிந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.

"ஷஹ்மா, இஞ்ச வாங்க மகள். கெதியா."

அவள்தான். அவளாகத்தான் இருக்க வேண்டும். அவனுக்குச் சந்தேகமே இல்லை. டோர்ச் பிடிக்கும் பிள்ளை, ஒன்றையும் கீழே போடாத பிள்ளை. அவள் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, லென்ஸ் பார்க்கும் அந்தச் சின்ன டோர்ச்சைக் கண்ணுக்கு நேரே அடித்தான். வலது கண். இடது கண். கறுப்பு. சுத்தமான கறுப்பு. ஒரு தூசி இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஊரில் யார் கேட்டாலும் அவன் சொல்வது ஒன்றுதான். எனக்கு ரெண்டு பேரும் ஒண்டுதான்.

"வாப்பா" என்றாள் ஸுமைரா, மெழுகுவர்த்தியின் பக்கம் முகத்தைத் திருப்பி. "கரண்ட் எப்ப வரும்? எனக்கு ஒண்டும் தெரியுதில்ல."

பென்சில் தாளை விட்டு மேசையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

டோர்ச்சைத் திருப்பினான்.

வெள்ளை. இரண்டிலும். கறுப்பு இருந்த இடத்தில் இழை இழையாக, கிளை கிளையாக, வெளிச்சம் பட்டதும் மினுங்கியது. அவள் இமைக்கவில்லை.

"டோர்ச்சாவது அடிங்களே வாப்பா."

மூடி திருடுகிறவள். ஜாம் கையோடு எல்லாவற்றையும் தொடுகிறவள். நாள் தவறாமல் ஏச்சு வாங்குகிறவள். இவளா? இவளேதான். ரப்பே, இவளேதான்.

ஷஹ்மா பக்கத்தில் வந்து நின்றாள். தங்கச்சியின் கண்களைப் பார்த்தாள். பயப்படவில்லை. ஒவ்வொரு லென்ஸாக அவள்தானே வெளிச்சம் பிடித்தாள். அது எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்கு இல்லயா வாப்பா?"

அவன் டோர்ச்சைத் தாழ்த்தினான்.

"இன்னொருக்காப் பாருங்க. நீங்க வடிவாப் பாக்கல்ல." இரண்டு விரலால் தன் இமையை விரித்துப் பிடித்தாள். கை ஆடவில்லை. உதடுதான் ஆடியது. "நல்லாக் கிட்ட வெச்சிப் பாருங்க. கொஞ்சமாவது ஈக்கும்."

அரூஸுக்கு நெஞ்சு வெடித்தது. என் பிள்ளை. என் தங்கம். இத்தனை வருடம் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இதற்காகவா காத்திருந்தாய்? அவள் முகத்தை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தான். அவளைத் தவிர அந்த அறையில், அந்த உலகத்தில், அப்போது அவனுக்கு வேறு யாரும் இல்லை.

தன் மனம் யார் பக்கம் சாய்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை.

"ஆ, இப்ப தெரியுது" என்றாள் ஸுமைரா. பென்சில் திரும்பத் தாளில் ஓடியது.

டோர்ச் அவன் விரல்களுக்கிடையில் எரிந்துகொண்டிருந்தது. ஷஹ்மாவின் கறுப்புக் கண்ணின் ஓரத்தில், தலைமுடியை விட மெல்லியதாக, ஒரு வெள்ளை இழை. நுனியில் இரண்டாகப் பிரிந்தது.

"ஈக்குதா வாப்பா?" இமையை விரித்துப் பிடித்தபடி, சிமிட்டாமல், அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.