பதினோராம் தீர்மானம்

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளைகள் படிக்கும் கூடத்தில் அன்று பெரியவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். ஊர்க்கூட்டம்!

அமெரிக்க நாட்டுக்குச் சட்டம் போட வாஷிங்டனில் காங்கிரஸ் சபை இருக்கிறது. ஆனால் எங்கள் மண்சாலையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? அதனால் வெர்மான்ட் மாநில மலைப்பக்கத்து ஆட்களான நாங்களே கூடி, பேசி, கை தூக்கி முடிவெடுப்போம்.

ஓட்டு இல்லாதவர்களுக்குப் பின்வரிசை. அங்கே பத்து வயது ஒடெட் உட்கார்ந்திருந்தாள். கூரைப் பனி உருகி, ஜன்னலுக்கு வெளியே சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவள் பாதிக் கனவுக்குப் போய்விட்டாள்.

கனவில், பார்க்கப் பல்லி போலிருந்தாலும் தவளைக்கு உறவான சாலமாண்டர்கள் நாற்காலிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்தன. ஒரு சாண் நீளம். கறுப்பாக, ஈரமாக, முதுகெல்லாம் மஞ்சள் புள்ளிகள். பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் இருந்துவிட்டு, வசந்தத்தின் முதல் மழையில்தான் அவை வெளியே வரும். சாலையைக் கடந்து, குளத்துக்குப் போய் முட்டையிடும்.

போன வருஷம் மழைக்கு மறுநாள் சாலையில் எத்தனையோ நசுங்கிக் கிடந்தன. ஒடெட் தேம்பித் தேம்பி அழுதாள்.

இந்த வருஷம் அவள் அழவில்லை. பனியில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஓட்டுள்ளவர்களிடம் கையெழுத்து வாங்கினாள். போதுமான கையெழுத்து இருந்தால் எந்த விஷயத்தையும் கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். அவளுடையது பதினோராம் தீர்மானம்: முதல் மழை பெய்யும் மாலையில் குளத்துச் சாலையை மூட வேண்டும்.

கூட்டத்தை நடத்தும் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய அப்பா லூசியன்தான். தலைவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. "அங்க நான் உனக்கு அப்பா இல்ல, தெரிஞ்சுக்கோ" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

"பதினோராம் தீர்மானம்" என்றார் இப்போது.

குளத்துக்கு அப்பால் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் வென்டெல் எழுந்தார். மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது.

"தலைவரே! எங்க பால் லாரி சாயங்காலம்தான் வரும். சாலைய மூடிட்டா என் பாலை யாரு குடிப்பா? அந்தப் பல்லிங்களா?"

"அப்பா, அது பல்லி இல்ல!" என்று ஒடெட் துள்ளி எழுந்தாள்.

கூடமே சிரித்தது. தலைவருக்குக் காது சிவந்துவிட்டது. சுத்தியலைத் தட்டினார்.

"இங்க அப்பா யாரும் இல்ல. ஓட்டு இல்லாதவங்க பேசணும்னா சபை அனுமதிக்கணும். இந்தப் பொண்ணு பேசலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. வென்டெலும் தூக்கினார். "பேசட்டுமே!"

ஒடெட் எழுதி வந்த தாளைப் பார்த்தாள். சாலமாண்டர்களைப் பற்றி ஒரு பக்கம் நிறைய இருந்தது. பால் லாரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தாளை மடித்துவிட்டாள்.

"தலைவரே, அவரு சொல்றது சரிதான். நான் பாலைப் பத்தி யோசிக்கவே இல்ல."

"என்னடி இது, உன் தீர்மானத்த நீயே கவுத்துடுவ போலிருக்கே!" என்று முணுமுணுத்தார் ஊர் எழுத்தர் பெர்னிஸ்.

"மூட வேண்டாம். லாரி வரட்டும். நாங்க வாளியோட முன்னாடி நடந்து, ஒவ்வொண்ணா எடுத்து அந்தப் பக்கம் விடுறோம். லாரி எங்க பின்னாடியே மெதுவா வந்தா போதும்."

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் நேராகப் பேசக் கூடாது. எல்லாம் தலைவர் வழியாகத்தான்.

"தலைவரே, எவ்வளவு மெதுவான்னு கேளுங்க" என்றார் வென்டெல்.

"தலைவரே, நான் நடக்குற அளவுன்னு சொல்லுங்க."

"தலைவரே, அவ காலு குட்டையா இருக்கே!"

"தலைவரே, நான் வேகமா நடப்பேன்னு சொல்லுங்க!"

தலைவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் களைத்துப் போனார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தீர்மானத்த மாத்தணும்னா, ஓட்டு உள்ளவங்க யாராவது அந்தத் திருத்தத்தக் கொண்டுவரணும். யாராவது இருக்கீங்களா?"

யாரும் அசையவில்லை. வெளியே பனி மட்டும் சொட்டியது. இவ்வளவு தூரம் வந்து எல்லாம் வீணாகிவிடுமோ என்று ஒடெட் வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் கொண்டுவர்றேன்" என்றார் வென்டெல். "அவ பால யோசிச்சா. நானும் கொஞ்சம் யோசிக்கணும்ல?"

பெர்னிஸ் வழிமொழிந்தார். கைகள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒடெட் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். இல்லாவிட்டால் அவை தானாகவே மேலே போயிருக்கும். திருத்தம் நிறைவேறியது. திருத்திய தீர்மானமும் நிறைவேறியது.

ஏப்ரலில் ஒரு மாலை, முதல் மழை பூப்போல இறங்கியது. இருட்டத் தொடங்கியதும் மஞ்சள் புள்ளிகள் இலைகளுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒடெட் வாளியோடு முன்னே நடந்தாள்; பக்கத்திலேயே லூசியனும் வந்தார். பின்னால் பால் லாரி ஆடி அசைந்து வந்தது. லாரிக்கு முன்னால் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, சாலையில் குனிந்தபடியே வந்தார் வென்டெல்.

நனைந்த உள்ளங்கையில் ஒன்றை ஏந்தி, அதையே வெகுநேரம் பார்த்தார்.

"தலைவரே, ஒத்துக்கறேன்" என்றார். "இது பல்லி இல்ல."

"இங்க ஏது தலைவர்?" என்றார் லூசியன், வாளியின் பிடியில் பாதியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு. "நான் ஒடெட்டோட அப்பா!"