நான்காவது பை

தம்பி மூன்று பைகள்தான் கட்டியிருந்தான். இப்போது பானெட்டுக்கு அடியில் நான்கு இருந்தன.

பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே மறுபடி எண்ணினான். ஏர் ஃபில்டரின் வாயில் ஒன்று, ஃபியூஸ் பெட்டியின் மேல் ஒன்று, கீழே பெல்ட்டுக்குப் பக்கத்தில் டைனமோவைச் சுற்றி ஒன்று. எஞ்சினைக் கழுவும்போது தண்ணீர் படக் கூடாத இடங்கள் அவ்வளவுதான். நான்காவது பை எஞ்சினுக்குப் பின்னால், எதையும் மூடாமல், ஒரு ரப்பர் குழாயில் கட்டித் தொங்கியது. மற்ற மூன்றையும் போலவே வெள்ளைப் பை. நாம்தான் கட்டிவிட்டு மறந்திருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னதை நம்பவில்லை.

அந்தத் தெருவில் அவனை எல்லோரும் தம்பி என்றுதான் சொல்வார்கள். அண்ணன் நாலு பேருக்கு வேண்டிய மனிதர். இவன் அவருடைய தம்பி. இவனுக்கென்று இருந்த அடையாளம் அதோடு முடிந்தது. அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்தப் பெயர் மட்டும் இவனை விடவில்லை.

வண்டியும் அண்ணனுடையதுதான். ஒரு வருஷமாக வீட்டை ஒட்டிய இந்த ஷெட்டில் அடைந்து கிடந்தது. ஐந்து மணிக்கு அண்ணி தன் கூடப்பிறந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துப்போகப் போகிறாள். பானெட்டுக்குள்ளே எலி எங்கிருந்தோ பஞ்சைக் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. எண்ணெய்க் கசிவின் மேல் தூசி படிந்து விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. அப்படியே தூக்கிக் கொடுத்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் சாப்பிட்ட கையோடு ஷட்டரைத் தூக்கினான். மனைவி காலையிலேயே தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டைப் பூட்டிய சாவி இவன் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது.

வேலையை முறைப்படிதான் ஆரம்பித்தான். பேட்டரியின் கறுப்பு ஒயரை முதலில் கழற்றி, நுனியில் துணி சுற்றி, எதிலும் படாத தூரத்தில் ஒதுக்கினான். கையுறை போட்டுக்கொண்டு எலிக்கூட்டை அள்ளி வெளியே எறிந்தான். பைகளைக் கட்டினான். அழுக்கு கரைக்கும் மருந்தைத் தெளித்து, ஊறவிட்டு, அகலமான இடங்களைப் பெயிண்ட் பிரஷ்ஷாலும் இடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷாலும் தேய்த்தான். எல்லாவற்றுக்கும் முன்னால், ஷட்டருக்கு அடியில் ஒரு மர ஸ்டூலை முட்டுக்கொடுத்திருந்தான். அந்த ஷட்டர் முழுதாக இறங்கினால் வெளியே இருக்கும் கொக்கி தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும்; பிறகு வெளியிலிருந்து யாராவது வந்து எடுத்துவிட்டால்தான் உண்டு. "இத மாத்தணும்டா" என்று அண்ணன் வாரத்துக்கு ஒரு தரம் சொல்வார். அவரும் மாற்றவில்லை, இவனும் மாற்றவில்லை.

மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. தகரக் கூரையில் கொட்டிய தண்ணீர் சத்தத்துக்குள் ஷெட் மூழ்கிப் போக, ஒற்றை பல்பின் வெளிச்சம் பானெட்டின் நிழலை எதிர்ச் சுவரில் அகலமாகச் சாத்தி வைத்திருக்க, மருந்தின் காரநெடியும் பழைய எண்ணெயின் கசப்பும் நனைந்த பஞ்சின் முடைநாற்றமும் மூக்கில் ஏற, அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாடை மெல்ல எழும்பி வந்ததை அவன் நின்று முகர்ந்து பார்த்தான். புகை வாடை. இப்போதுதான் நிறுத்திய வண்டியிலிருந்து வருவது போன்ற சுடு புகை வாடை.

கையுறையைக் கழற்றி எஞ்சினைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, அஞ்சு மணிக்கு வந்துடுவோம். வண்டி ரெடியா?"

"எஞ்சினக் கழுவிட்டு இருக்கேன் அண்ணி."

"நீங்களா?" அந்த ஒரு சொல்லே குத்தியது. "பையெல்லாம் எண்ணி அவிழுங்க. ஒண்ணு உள்ள நின்னுட்டாலும் ஸ்டார்ட் பண்ணும்போது இழுத்துக்கும். அவரு கட்டும்போதும் எண்ணுவாரு, அவிழ்க்கும்போதும் எண்ணுவாரு."

"தெரியும் அண்ணி."

பிறகு, ஒரு வருஷமாகப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள். "அன்னிக்கு உங்களுக்கு ஒரு சத்தம்கூடவா கேக்கல?"

"தூங்கிட்டேன்னு எத்தன தரம் சொல்றது அண்ணி?"

"ம்." என்றாள். "அங்க யாரு தட்டுறது?"

"யாரும் தட்டலையே."

"தகரத்துல தட்டுற மாதிரி கேக்குது தம்பி. மூணு மூணா."

போன் கையிலிருந்து நழுவி வாளித் தண்ணீரில் விழுந்தது; எடுத்துப் பார்த்தபோது அணைந்திருந்தது. அவனுக்கு எந்தத் தட்டலும் கேட்கவில்லை. மூன்று மூன்றாக என்பதை அவன் இதுவரை ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

அன்றைக்கும் மழைதான். அதற்குப் பதினோரு நாள் முன்பு, இதே வாசலில், அண்ணன் இவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி, "நீ தொட்டா ஓடுற வண்டியும் படுத்துக்கும்டா" என்றார். நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அண்ணன் வேடிக்கையாகச் சொன்னதுதான். இவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினான். பதினோராம் நாள் அண்ணன் தனியாக எஞ்சினைக் கழுவி, அது காயட்டும் என்று ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டார். சாரல் அடிக்கவும் ஷட்டரைப் பாதிக்கு இழுத்திருக்கிறார்; அது நழுவி முழுதாக இறங்கிவிட்டது. கொக்கி விழுந்தது. பூட்டிய ஷெட்டுக்குள் ஓடுகிற எஞ்சினின் புகை ஆளை எவ்வளவு சீக்கிரம் சாய்க்கும் என்று பிறகு டாக்டர்தான் சொன்னார். எஞ்சினை அணைக்கக்கூட அவருக்குத் தெம்பு இருந்திருக்காது என்றார்.

தம்பி ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தட்டு. ஒரு இடைவெளி. மூன்று தட்டு. நன்றாகவே கேட்டது. கிடக்கட்டும், கெஞ்சட்டும் என்று நினைத்தான். ரிமோட்டை எடுத்து, பத்தில் இருந்த சத்தத்தை ஒவ்வொன்றாக இருபதுக்கு ஏற்றினான். பிறகு தட்டுவது நின்றது. நின்றதும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் அவனால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை. வாளித் தண்ணீரை மக்கில் மொண்டு, பைகளில் தெறிக்காமல், மேலிருந்து கீழாக மெல்ல ஊற்றினான். கரைந்த அழுக்கு கறுப்பாக வழிந்து தரையில் ஓடியது. துணியால் ஒற்றி எடுத்தான். டைனமோ பையை அவிழ்த்தான். "ஒண்ணு." ஃபியூஸ் பெட்டி. "ரெண்டு." ஏர் ஃபில்டர். "மூணு."

நான்காவதை அவிழ்க்கக் குனிந்தான். முடிச்சைப் பார்த்தான்.

இரண்டு காது வைத்து, வாலை உள்ளே செருகிய முடிச்சு. இவனுக்கு அப்படிக் கட்ட வராது. எத்தனையோ தரம் முயன்று, வராமல், திட்டு வாங்கியிருக்கிறான். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு என்று அண்ணன் பீற்றிக்கொள்வார். இழுத்தான். அவிழவில்லை. பையின் உட்புறம் ஈரமாகப் பனித்திருந்தது.

பை உப்பியது.

மெல்லச் சுருங்கியது. மறுபடி உப்பியது.

காற்றாக இருக்கும் என்று திரும்பினான். ஷெட்டுக்குள் காற்றே இல்லை. ஷட்டருக்கு அடியில் ஸ்டூலும் இல்லை. முட்டு எதுவும் இல்லாமல் ஷட்டர் அரைகுறையாக அந்தரத்தில் நின்றது. ஸ்டூல் வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது, அண்ணன் எப்போதும் போட்டு உட்கார்கிற இடத்தில். அதன் மேல், உட்கார அவர் மடித்துப் போடுவது போலவே மடித்த துணி. மழையில் இத்தனை நேரம் நின்ற ஸ்டூல். துணி காய்ந்திருந்தது.

அவன் ஓடினான். இரண்டே எட்டுதான்.

ஷட்டர் இறங்கியது. வெளியே கொக்கி விழுந்த சத்தம் துல்லியமாகக் கேட்டது.

குனிந்து அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான். நகம் பெயர்ந்தது. ஷட்டர் அசையவில்லை. பரவாயில்லை, அஞ்சு மணிக்கு அண்ணி வருவாள், வண்டிதான் ஓடவில்லையே, பேட்டரி ஒயரே கழற்றிக் கிடக்கிறதே என்று வாய்விட்டே சொன்னான்.

முதுகுக்குப் பின்னால் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

ஒரு தரம் செருமிவிட்டு, சீராக ஓட ஆரம்பித்தது. கறுப்பு ஒயர் துணி சுற்றியபடி அதே இடத்தில்தான் கிடந்தது. சாவித்துவாரத்தில் சாவி இல்லை. அணைக்க எதுவும் இல்லை. கையில் கிடைத்த ஒயரை எல்லாம் பிடுங்கினான். எஞ்சின் நிற்கவில்லை. புகை தரையோடு தரையாக வந்து காலைச் சுற்றியது. மூச்சை அடக்கினான்.

பை அசையாமல் நின்றது.

மூச்சு விட்டான். பை உப்பியது. இழுத்தான். சுருங்கியது.

"வேணாம்ணே," என்றான். "தெரியாம பண்ணிட்டேண்ணே."

தெரியாமல் பண்ணவில்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஷட்டரில் ஓங்கித் தட்டினான். தட்டிய பிறகுதான் எண்ணினான். மூன்று. கை தானாக நின்றது. மறுபடி தட்டினான். மூன்று. அதற்கு மேல் கை எழவில்லை.

"யாராவது இருக்கீங்களா! தொறங்க! நான் உள்ள இருக்கேன்!"

கண் எரிந்தது. தலை கனத்தது. ஷட்டரின் கீழ் விளிம்பில் முகத்தை வைத்துப் படுத்தான்.

அப்போது கேட்டது. மழைக்கும் எஞ்சினுக்கும் நடுவில், சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ இருக்கிறார்கள். யாரோ கேட்கிறார்கள். உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் திரட்டித் தட்டினான். மூன்று தரம்.

டிவியின் சத்தம் ஒரு படி கூடியது.

மறுபடி தட்டினான். இன்னொரு படி. இன்னொன்று. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. பானெட்டுக்கு அடியில் பை படபடத்தது. பதிமூன்று, பதினான்கு என்று அவன் உதடு எண்ணிக்கொண்டே போனது.

இருபதில் நின்றது.