மன்னர் தின்ற உருளைக்கிழங்கு

மேசையில் இருந்தவை இரண்டு காபிக் கோப்பைகளா... மூன்றா?

இன்றுவரை எனக்குச் சரியாக நினைவில்லை. பயம் நினைவைக் கலக்கிவிடுகிறது.

ஆனால் அந்தச் சத்தம் மறக்கவில்லை.

தடால்!

என் கொழுந்தன் ஐனார் கதவைச் சாத்தித் தாழிட்டான். வெளியே பனிப்புயல். ஜன்னலில் பாதிவரை வெள்ளை.

"ரெண்டு நாளைக்கு யாரும் இங்கேர்ந்து இறங்க முடியாது, அண்ணி!"

நார்வேயில் ஈஸ்டர் என்றால் மலைக்குடில், ஆரஞ்சு, க்ரைம் நாவல். போன ஈஸ்டருக்கு என் கணவர் ஹால்வார் இங்கே தனியாக வந்தார். வாசலிலிருந்து இருபதடியில் உறைந்து கிடந்தார். விறகெடுக்கப் போய் வழி தவறிவிட்டாராம்.

குடிலுக்கு வந்தவர்கள் வருகைப் புத்தகத்தில் எழுதாமல் போவதில்லை. அதில் போன ஈஸ்டர் பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது.

அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஆரஞ்சு உரித்தேன்.

"இந்த வருஷமும் க்ரைம்தானா, அண்ணி?"

"ஆமா. ஆனா எல்லாத்துலயும் ஒரே கோளாறு. உண்மையைக் கண்டுபிடிச்ச பொண்ணு, தனியா இருக்கறப்ப, கொலைகாரன் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவா. முட்டாள்!"

"சொல்லலேன்னா கதை எப்படி முடியும்?"

"சரித்திர நாவல்காரங்க அதைவிட மோசம். வாள்சண்டை பிரமாதமா எழுதுவாங்க. அடுப்படிக்கு வந்தா வழுக்கி விழுவாங்க."

ஐனார் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"கரெக்ட்! ஒரு நாவல்ல ராஜா ஆயிரத்து இருநூத்தி நாப்பதுல உருளைக்கிழங்கு தின்பாரே, அது நார்வேக்கே வராத காலத்துல! அண்ணன்கூட ஓரத்துல பென்சிலால எழுதியிருந்தாரே... 'மன்னா, இன்னும் ஐந்நூறு வருஷம் பொறுங்க'ன்னு!"

நானும் சிரித்தேன்.

பாதியில் உறைந்தேன்!

அந்த நாவலை ஹால்வார் போன ஈஸ்டருக்கு மலையேறும் வழியில் வாங்கினார். அதன்பின் அது இந்த அலமாரியை விட்டு நகரவேயில்லை. ஐனாரோ, மூன்று வருடமாக இங்கே வரவில்லை என்று போலீஸில் எழுதிக் கொடுத்தவன்! இன்று வந்ததிலிருந்து அலமாரிப் பக்கம் போகவுமில்லை.

"அண்ணன் எழுதினதை நீ எப்போ பாத்தே, ஐனார்?"

கேட்டேவிட்டேன். அவன் மூஞ்சிக்கு நேராக!

அவன் சிரிப்பு நின்றது. அடுப்பில் விறகு வெடித்தது.

"குடிலை வித்துடலாம்னேன். அண்ணன் முடியாதுன்னுட்டார். வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். மிச்சத்தைப் பனி பாத்துக்கிட்டது..."

என் பூட்ஸை எடுத்து அடுப்பில் எறிந்தான்.

"இப்ப நீங்களும் விறகெடுக்கப் போறீங்க, அண்ணி!"

"ஒரே கதை ரெண்டு தடவையா? மூணாந்தர எழுத்தாளன்டா நீ!"

கையைப் பிடித்து இழுத்தான். கதவு திறந்தது. முகத்தில் பனி அறைந்தது. என் காலில் வெறும் கம்பளிக் காலுறை...

பரணிலிருந்து ஒரு குரல்.

"கதவைச் சாத்துங்க, தம்பி. குளிருது!"

ஏணியில் இறங்கினார் ஊர் போலீஸ் அதிகாரி ஆஸ்முண்ட். கதவகல உடம்பு. ஒரு கையில் விலங்கு, மறுகையில் என் க்ரைம் நாவல்.

ஐனார் வாசலைப் பார்த்தான்.

"ஓடுங்களேன். இந்தப் புயல்ல எங்கே போவீங்க?" என்றார் ஆஸ்முண்ட். "மேசையில மூணாவது கோப்பை இருந்துச்சே, கவனிக்கலையா? என்னோடது. ஆறியே போச்சு!"

ஆமாம்... மூன்றுதான்.

பக்கம் கிழிந்திருந்ததைச் சொல்லி, ஐனார் வருமுன் காலையிலேயே அவரை வரவழைத்தவள் நான். தனியாக இருக்கும்போது கேட்பவள்தானே முட்டாள்?

புயல் ஓயும்வரை இரண்டு நாள், மூவரும் அந்த ஒற்றை அறையில்.

ஐனாருக்குப் பதினாறு வருடச் சிறை. ஆஸ்முண்ட் ஓய்வு பெற்று மீன் பிடிக்கிறார். குடிலை நான் விற்கவில்லை. உருளைக்கிழங்கு மன்னர் நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளாக இருக்கிறார்.

போன மாதம் ஐனார் சிறையிலிருந்து எழுதியிருந்தான். 'நல்ல க்ரைம் நாவல் ஒன்று அனுப்புங்கள், அண்ணி.'

அனுப்பினேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு!