பிரேக் லைனில் காற்று

நேற்று கல்லாக நின்ற பிரேக் பெடல் இன்று கால் பட்டதும் பஞ்சாக உள்ளே போயிற்று. அவன் இறங்கி, சக்கரங்களுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். ஈரமில்லை. தரையிலும் ஒரு சொட்டு இல்லை. பானெட்டைத் திறந்தால், பிரேக் ஆயில் ஊற்றிவைத்த அளவிலேயே இருந்தது. எங்கும் ஒழுகவில்லை, ஆனாலும் குழாய்க்குள் எப்படியோ காற்று புகுந்திருந்தது.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அவனுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அந்த ஞாயிறுகளையெல்லாம் இந்தப் பழைய கார் தின்று தீர்க்கிறது என்பது மனைவியின் வழக்கு.

"மனுஷனா பொறந்திருந்தா இதுக்கு இந்நேரம் கல்யாணமே பண்ணி வெச்சிருக்கலாம். நீங்க இன்னும் மடியில போட்டுக் கொஞ்சுறீங்க," என்றபடிதான் சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தாள்.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"மிதின்னா மிதி. விடுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காத. எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும்."

"இதைப் பத்து தடவை சொல்லியாச்சு."

"பத்து தடவையும் தப்பாத்தானே செஞ்ச?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவை அறைந்து சாத்தியதில், ஜாக்கியால் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தியிருந்த வண்டி ஒரு முறை ஆடி அடங்கியது.

அவன் பின்சக்கரம் கழற்றிய பக்கமாக முதுகால் நகர்ந்து உள்ளே போனான். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. துருவும், பழைய கிரீஸும், ஈரச் சிமெண்டும் கலந்த வாடை மூக்கில் ஏற, கைவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் வண்டியின் அடிவயிறு குழாயும் கம்பியுமாக முகத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. திருகில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருந்த ஆயிலுக்குள் விட்டான்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

திறந்தான். குமிழ்கள் சரசரவென்று வந்தன. மூடினான்.

"விடு."

"விட்டாச்சு. நாளைக்கு இதுல என்னை ஏறச் சொல்லாதீங்க."

மறுபடி மிதி, மறுபடி விடு. குமிழ்கள் குறையவேண்டும், கூடிக்கொண்டே போயின. மழை வலுக்க வலுக்க அவள் பேச்சு குறைந்து, வெறும் "ம்" ஆயிற்று. சண்டை போட்டால் வாய் ஓயாதவள். அவனுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

காது ஓரமாகக் குமிழ் வெடித்தபோதுதான் அந்த நாற்றம் தெரிந்தது. ஆயில் நாற்றமில்லை. தூங்கி எழுந்தவரின் வாயைப் போல, வெதுவெதுப்பாக.

திருகை இறுக மூடினான். குமிழ்கள் நிற்கவில்லை.

குழாயை விளக்கருகே பிடித்துப் பார்த்தான். உள்ளே ஆயில் மெல்ல மேலேறியது. நின்றது. மெல்லக் கீழிறங்கியது. மறுபடி ஏறியது. ஆழ்ந்து தூங்குபவரின் நெஞ்சைப் போல, ஒரே சீராக.

"காலை எடுத்துட்டியா?"

"ம்ஹும்."

"கோவமா?"

"ம்."

மழை சட்டென்று ஓய்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து, சமையலறை ஜன்னல் வழியாக, மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது. தன் அக்காவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் எப்பவோ எழுந்து வந்துட்டேன்க்கா. சொல்லிட்டுத்தான் வந்தேன், காதுல விழுந்தாத்தானே! தனியாவே மிதி, விடுன்னு கத்திக்கிட்டு இருக்காரு."

அவன் அசையவில்லை.

தலைக்கு மேல் சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

"விடட்டுமா?" என்று கேட்டது ஒரு குரல். அவனுடைய குரல்.

முதுகால் உந்தி வெளியேறப் பார்த்தான். நெஞ்சில் இரும்பு இடித்தது. ஒரு சாண் இடைவெளி இருந்த இடம். தலையைத் திருப்பி ஸ்டாண்டுகளைப் பார்த்தான். வைத்த இடத்தில், வைத்த உயரத்தில் நின்றன. வண்டிதான் தாழ்ந்திருந்தது.

செருப்புச் சத்தம். மனைவியின் கால்கள் ஷெட்டுக்குள் வந்து, முன்கதவருகே நின்றன. கதவுக் கண்ணாடியை விரலால் தட்டினாள்.

"உள்ள உக்காந்துதான் இவ்வளவு நேரமா கத்தினீங்களா? கீழ படுத்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!"

அவன் கத்தினான். சத்தம் வரவில்லை. காதருகே பாட்டிலில் குமிழ்கள் குபுகுபுவென்று பொங்கி வெடித்தன. மூச்சை இழுத்தான். வரவில்லை. கையை நீட்டினான். அவள் குதிகால் அரை முழத்தில். விரல் எட்டவில்லை.

"முடிஞ்சிடுச்சும்மா," என்றது மேலிருந்த குரல். "கோவிச்சுக்காத. உன்னை ரொம்பப் படுத்திட்டேன்."

அவள் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பின.

"சரி, சரி. கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள். அந்தக் குரலில் இருந்த கனிவை அவன் கேட்டு வெகு காலமாயிற்று.

செருப்புச் சத்தம் வீட்டை நோக்கிப் போனது.

முன்கதவு திறந்தது. வெறுங்கால்கள் இரண்டு தரையில் இறங்கின. அவனுடைய கால்கள். போன வாரம் ஸ்பேனர் விழுந்து கறுத்த நகம்கூட இருந்தது.

அவை போகவில்லை. அவன் பக்கம் திரும்பின. முழங்கால்கள் மடங்கின. ஒரு கை தரையில் ஊன்றியது. அப்புறம் முகம் இறங்கியது. மெதுவாக, பக்கவாட்டில், கன்னம் சிமெண்டில் படியும் வரை.

அவன் முகம். அவன் மூக்குக் கண்ணாடி. ரத்தமே ஓடாத, மாவு வெளுப்பு.

கோபமில்லை. சிரிப்பில்லை. பாத்திரத்தில் இன்னும் எவ்வளவு மீதி என்று பார்ப்பது போல் அவனைப் பார்த்தது.

வாயைத் திறந்து மூச்சை இழுத்தது. இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. அவன் விலா எலும்புகள் உள்ளே ஒடுங்க ஒடுங்க, சிமெண்டில் படிந்திருந்த அந்தக் கன்னத்தில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது.