எல்ஸ்பெத்தின் நெற்றியில் ஒரு பொட்டு

கலைமகள் விழாவுக்கு அடுத்த நாள் காலை, சாமி அறையில் பூசைக்கு வைத்திருந்த புத்தகத்தை எடுத்த மிதுஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அட்டைப் படத்தில் இருந்த எல்ஸ்பெத் கெர் என்ற ஓவியரின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. நல்ல பெரிய பொட்டு.

அது அவளுடைய புத்தகம் இல்லை. கார்ல்ஸ்ரூஹே நகரில் அவள் படிக்கும் பள்ளியின் ஓவிய ஆசிரியை லேமன் ஸ்கொட்லாந்தில் வாங்கியது. இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. எல்ஸ்பெத்தைப் பற்றி வகுப்பில் பேசுவதற்காக மிதுஷாவை நம்பிக் கொடுத்திருந்தார். இன்றுதான் பேச வேண்டும்.

யார் வேலை என்று தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டில் குங்குமச் சிமிழ் அப்பாவின் பொறுப்பு.

"ஓம், நான்தான் வைச்சனான். எல்லாப் புத்தகத்துக்கும் வைச்சுப்போட்டு, ரீச்சரின்ர புத்தகத்தை மட்டும் எப்பிடி விடுறது?" என்றார் அப்பா.

புதிதாக வாங்க முடியாது என்று தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. மிதுஷாவுக்குக் கோபப்படவும் மனம் வரவில்லை.

ஈரத் துணியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு, மூக்குப் பக்கம் இறங்கப் பார்த்தது. உடனே நிறுத்திவிட்டாள். தாள் ஒட்டி மறைக்கலாம். ஆனால் நம்பித் தந்தவரிடமா மறைப்பது?

வகுப்பில் முதல் வேலையாக அட்டையைத் தூக்கிக் காட்டினாள். யாரோ சிரித்தார்கள். ஆசிரியையின் புருவம் உயர்ந்தது.

"மன்னியுங்கள். இது அப்பா வைத்த பொட்டு. வருடத்தில் ஒரு நாள் எங்கள் புத்தகங்களுக்கு இப்படித்தான் நன்றி சொல்வோம்."

பிறகு எல்ஸ்பெத்தின் கதையைச் சொன்னாள். நூறு ஆண்டுகளுக்கு முன், பெண் வரைந்த படத்தை யார் வாங்குவார்கள் என்று எல்ஸ்பெத்தைக் கேலி செய்தார்களாம். அவரோ துறைமுகத்தில் மீன் வெட்டும் பெண்களையே வரைந்துகொண்டிருந்தாராம். கத்தி கிழிக்காமல் இருக்க அவர்கள் விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவர் வரையாமல் விடவில்லை. உயிரோடு இருந்தவரை அவருக்கு ஒரு கண்காட்சிகூட நடக்கவில்லை.

"அவருக்கு யாருமே நன்றி சொல்லவில்லை," என்றாள் மிதுஷா. "அந்த விரல்களை எனக்குக் காட்டியதற்கு நான் சொல்கிறேன்."

ஆசிரியை புத்தகத்தை வாங்கி, பொட்டை வெகுநேரம் பார்த்தார்.

"நூறு வருடம் பிந்தித்தான் வந்திருக்கிறது. பரவாயில்லை, வந்துவிட்டதே," என்றார்.

பொட்டைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு தன்னுடைய தூரிகைகளையும் பூசையில் வைக்க முடியுமா என்று அப்பாவிடம் கேட்டு வரவும் சொன்னார்.