கண்ணில் விழுந்த சொட்டு

அன்று காலை சின்னவளுக்குக் கண் எரியவில்லை. அதுதான் முதல் கோளாறு.

முகப்பருவுக்கு மாத்திரை விழுங்கத் தொடங்கியதிலிருந்து அவளுடைய விடியல்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். இமைகள் ஒட்டிக் கிடக்கும். உள்ளே யாரோ மணலை அள்ளிப் போட்டதுபோல் அறுக்கும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித்தான் கண்ணைப் பிரிக்க வேண்டும். அன்றோ கண் குளுகுளுவென்றிருந்தது. காதோரம் வரை ஈரம் வழிந்து தலையணை நனைந்திருந்தது. தான் தூங்கும்போது அக்கா புதுச் சொட்டு மருந்து வாங்கிவந்து விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டுப் பார்க்கலாமென்றால் அக்கா அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

சின்னவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட வேண்டும். சூடு முகத்தில் அடிக்க அடிக்க, மதியத்துக்குள் கண் மறுபடி காய்ந்து சருகாகிவிட்டது. துணி அடுக்கும் அறையில் வெளிச்சம் கம்மி. மற்றவர்கள் கைவீசிப் போய்வரும் அந்த மங்கலில் அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள், அலமாரியில் முட்டிக்கொண்டாள்.

“கண்ணைக் கழட்டி வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?” என்று மேற்பார்வைக்காரி சிரித்தாள். பதிலுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

“இருட்டுல பார்வை மங்கினா உடனே வந்து சொல்லணும், மாத்திரையை நிறுத்திடலாம்” என்று தோல் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து தலையைக் குனிந்தே நடந்தவள். இப்போதுதான் கன்னம் தெளிந்திருந்தது. இப்போதுதான் கண்ணாடி முன்னால் நின்று தலைவாருகிறாள். இதைப் போய் எப்படி நிறுத்துவது?

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த அரையிருட்டில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ கதவுக்கு அந்தப் பக்கம் வீடே மைக்கூடாக இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டாள். கட்டில் காலைத் தேடிப் பிடித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே விழுந்தாள். குளியலறைக் குழாய் சொட்டியது. எங்கிருந்தோ ஈரத்துணி முடங்கிக் கிடந்த வாடை. உடம்பு கனத்தது. இமை மூடியது, மூடியபடியே ஒட்டிக்கொண்டது.

மெத்தையின் ஓரம் அமுங்கியது.

“அக்கா?”

முன்னாலேயே வந்துவிட்டாள் போலிருக்கிறது. அக்காவும் ஓய்ந்துபோய்த்தான் வருவாள், பேச மாட்டாள். சில்லென்ற விரல் ஒன்று அவளுடைய இமையைப் பூப்போல் பிரித்தது. இருட்டுதான் தெரிந்தது. ஒரு சொட்டு விழுந்தது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த கண்ணிலும் ஒன்று.

“உயிரே போச்சுக்கா. நல்லவேளை வந்த.”

விரல் அவள் புருவத்தை நீவிக்கொடுத்தது. அந்த இதத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அழக் கண்ணில் நீர்தான் இல்லை.

இடுப்புப் பையில் போன் அடித்தது. கண்ணை மூடியபடியே தடவி எடுத்துக் காதில் வைத்தாள்.

“சுண்டு, பஸ்ஸே கிடைக்கல. இன்னும் ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறேன். நீ கதவை நல்லாத் தாழ் போட்டுக்க.”

அக்காவின் குரல். பின்னால் வண்டிகளின் இரைச்சல்.

“அக்கா... நேத்து ராத்திரி என் கண்ணுல மருந்து விட்டியா?”

“மருந்தா? பாட்டில் காலியாகி எத்தனை நாளாச்சு! புதுசு வாங்கணும்னு நீதானே சொன்ன? என்னடி ஆச்சு? சுண்டு?”

புருவத்தில் விரல் நின்றது.

இன்னொரு சொட்டு. குறி தவறிக் கன்னத்தில் விழுந்தது. வழிந்தது. வெடித்த உதட்டில் இறங்கி எரிந்தது.

உப்பு.

வெதுவெதுப்பு.

மருந்தில்லை. கண்ணீர்.

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. அவள் மூச்சு மட்டும். இல்லை. அவள் மூச்சும் இன்னொன்றும்.

போன் காதிலிருந்து நழுவித் தலையணையில் விழுந்தது. திரை ஒளிர்ந்தது.

மேலே, ஒரு விரல் தூரத்தில், ஒரு முகம். அதில் இமையே இல்லாத இரண்டு கண்கள். உருண்டை உருண்டையாக. மூட முடியாமல், சிவந்து, ஓரத்தில் அடுத்த சொட்டு திரள, அவளையே பார்த்துக்கொண்டு. அவளுடைய மேலிமையை இரண்டு விரல்கள் மெல்லக் கிள்ளித் தூக்கிப் பிடித்திருந்தன.

அளவு பார்ப்பதுபோல.