முத்திரை உடையாத சாவிப்பை

"மங்கை! அந்த ஓட்டைக்குள்ள தலையை விடாதே!"

சித்தப்பா அரங்கநாதனின் குரல் செம்பரிக்குன்றுக் கோட்டை மதிலில் மோதித் திரும்பியது. பள்ளி மைதானத்தில் இருபது வருடம் விசில் ஊதிய உடற்பயிற்சி ஆசிரியரின் குரல்! மங்கை தலையை விடவில்லை. காலை விட்டாள்.

மணி எட்டு. பதினோரு மணிக்கு மலையடிவாரத்தில் ஊர் வரலாற்றுக் குழு ஒரு கல்லைத் திறக்கப் போகிறது. 'சாவிக்காரன் முத்துவீரன் இரவில் பகைவருக்குக் கதவு திறந்துவிட்ட கோட்டை' என்று அதில் வெட்டியாகிவிட்டது. முத்துவீரர் மங்கையின் முன்னோர். அவர்கள் வீட்டுக்கு இன்றும் சாவிக்காரர் வீடு என்றுதான் பெயர். அந்தக் கல் நின்றுவிட்டால், அந்தப் பெயரோடு தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது?

வீட்டில் சொல்லும் கதை வேறு. வாசலில் நின்று போரிட்ட முத்துவீரரின் தோளில் பகைவனின் வாள் பாய்ந்தது. சாவிப்பையின் வார் அறுந்தது. பை காணாமல் போனது. அறுந்த வார் மட்டும் உடலோடு வீடு வந்து சேர்ந்தது. ஆயுத பூஜைதோறும் பொட்டு வைத்துக் கும்பிடும் அந்தத் தோல்வாரைக் கண்ணாடிப் பெட்டியோடு மார்பில் அணைத்தபடிதான் சித்தப்பா மலையேறி வந்திருந்தார்.

"வெடிமருந்துக் கிடங்கோட காத்து வழி இது. வாசல்லேருந்து பத்தே அடி. பை எங்கயாவது விழுந்திருந்தா இங்கதான் விழுந்திருக்கணும்" என்றான் மங்கையின் நண்பன் நசீர். ஆம்பூரில் தோல் கிடங்கு வேலை அவனுக்கு. ஞாயிறு வந்தால் கோட்டை கோட்டையாகச் சுற்றுவான். போன வாரம் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் அவன்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மங்கைக்குத் தோல் தைப்பதில் பைத்தியம். நசீர் கொண்டுவந்து தரும் துண்டுத் தோலில்தான் அவள் பையும் பெல்ட்டும் தைப்பாள். இடுப்பில் இப்போது கட்டியிருந்த பட்டையும் அவள் கைவேலையே.

"இது தாங்குமா?" என்று அதில் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான் நசீர்.

"ரெண்டு ஊசித் தையல். யானையைக் கட்டலாம்!"

"தையலைக் கேக்கல. தோலைக் கேக்கறேன்."

"நீ கயித்தை விடு!"

இறங்கினாள். ஆறடி, எட்டடி. வௌவால்கள் முகத்தில் அறைந்தன. திடீரென்று பட்டை இளகியது! தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. தோல்தான் மாவுபோல நீண்டுகொண்டே போனது. பட்டை மார்புக்கு ஏறியது, அக்குளுக்கு ஏறியது, கைகள் மேலே போயின...

"அம்மா!"

தொப்பென்று விழுந்தாள். கீழே முழங்கால் ஆழத்துக்குக் காய்ந்த தூசு இல்லாவிட்டால் எலும்பு மிஞ்சியிருக்காது.

"என்னா தோல் போட்டு தச்சே?" மேலேயிருந்து அலறினான் நசீர்.

அவளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "வயித்துத் தோல்."

"அறிவிருக்கா! பர்ஸ் தைக்கக் குடுத்தது அது. எடையைத் தூக்க முதுகுத் தோல்தான் போடணும்னு எத்தனை தடவை சொன்னேன்!"

பதில் சொல்ல எழுந்தவளின் கை தூசுக்குள் எதையோ அழுத்தியது. விறைத்த தோல்! உள்ளே ஏதோ கணீரென்றது. டார்ச்சை அடித்தாள். கையகலப் பை. வாய் முழுக்கத் தைத்து மூடப்பட்டிருந்தது. முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு. அரக்கில் மீன் முத்திரை. ஒரு கீறல் இல்லை!

கயிற்றை நேராக இடுப்பில் கட்டிக்கொண்ட அவளை மேலே இழுத்ததும், பையைப் பார்த்த நசீர் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மங்கை, சாயங்காலம் கதவைப் பூட்டினதும் சாவியைப் பையில போட்டு, வாயைத் தச்சு, கோட்டைத் தலைவர் கையால முத்திரை வைக்கறது இந்தக் கோட்டை வழக்கம். விடிஞ்சாத்தான் பிரிப்பாங்க. இது பிரிக்கவே இல்லை!"

"அப்படின்னா அன்னிக்கு ராத்திரி..."

"இந்தச் சாவியால கதவு திறக்கல. யார் திறந்தாங்களோ, முத்துவீரர் இல்ல!"

சித்தப்பா விசிலை எடுத்து ஊதியே விட்டார். கண்ணீர் வழிந்தது. "கொண்டா அந்தப் பையை! ரெண்டையும் சேர்த்துக் காட்டுவோம். வாள் வெட்டைப் பார்த்து ஊரே வாயடைச்சுப் போகட்டும்!"

பெட்டியிலிருந்த வாரை எடுத்து, பையில் மிச்சமிருந்த துண்டோடு சேர்த்தாள் மங்கை. இம்மி பிசகாமல் பொருந்தியது. ஆனால் வெட்டு விளிம்பில் அவள் விரல் நின்றது.

"சித்தப்பா, இது வாள் வெட்டு இல்ல."

"என்ன உளர்றே?"

"வாளா இருந்தா ஒரே வெட்டு. இங்க பாருங்க, மூணு இழுப்பு. முதல் இழுப்பு பாதியில நின்னிருக்கு. சின்னக் கத்தியால, உடம்பை ஒட்டின உள்பக்கத்திலேருந்து அறுத்தது. நானும் தினம் இப்படித்தான் அறுக்கறேன். அவரே அறுத்து, பையை இந்த ஓட்டையில எறிஞ்சிருக்கார்."

சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "எத்தனை தலைமுறையா வாள் வெட்டுன்னு கும்பிட்டிருக்கோம்! இதை யார்கிட்டயும் சொல்லாதே. பையை மட்டும் காட்டு."

"ஒரு பாதியை மறைச்சா மறுபாதியை எவன் நம்புவான்? பட்டை தாங்குமான்னு கேட்டப்ப நான் வீறாப்புப் பேசினேன். கீழே விழுந்தேன். நீங்களும் விழணுமா?"

அவர் வாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். முன்னால் நடந்து மலை இறங்கினார்.

அடிவாரத்தில் துணி போர்த்திய கல்லைச் சுற்றிக் கூட்டம். குழுத் தலைவர் துணியில் கை வைத்த நேரம், விசில் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். மங்கை பையை உயர்த்திக் காட்டி, அது கிடைத்த விதத்தைச் சொன்னாள். நசீர் வழக்கத்தை விளக்கினான். தலைவர் முத்திரையைத் தடவிப் பார்த்தார். "தொல்லியல் அதிகாரி முன்னாலதான் பிரிக்கணும். அதுவரை இந்தக் கல் இங்க நிக்காது" என்றார் கடைசியில்.

"அப்போ உங்க வீட்டு வாள் வெட்டுக் கதை நிசந்தான்!" என்று யாரோ கூவினார்கள்.

மங்கை வாயெடுக்கும் முன் சித்தப்பா நிமிர்ந்து நின்றார்.

"இல்ல. எங்க வீட்டுல தப்பாச் சொல்லிட்டிருந்தோம். சாவி எதிரி கைக்குப் போகக் கூடாதுன்னு அவரே அறுத்து எறிஞ்சார்."

கல்தச்சர் துணியை விலக்கி, தலையைச் சொறிந்தார். "ஐயா, புதுசா எழுத இதுல இடமில்லையே?"

"பின்பக்கம் வழவழன்னுதானே இருக்கு? திருப்பிப் போடுங்க" என்றார் சித்தப்பா. "கத்தியால அறுத்தார்னே வெட்டுங்க. மூணு இழுப்புல."